தராசு யார் பக்கம் பார்த்து இருந்தது

மார்த்தாண்டம் பக்கத்தில் ஓர் அண்டியாபீஸில் கூலிக் கணக்கு எழுதினேன். முந்திரி ஆலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். கொட்டை தல்லுகிறவர்களுக்கும் (உடைத்துப் பருப்பு எடுக்கிறவர்கள்) தோல் எடுக்கிறவர்களுக்கும் கிலோ கணக்கில் கூலி, தரம் பிரிக்கிறவர்களுக்கு நாள்கூலி. சனிக்கிழமை சம்பளம் என்றால் வெள்ளிக்கிழமையே முணுமுணுப்பு தொடங்கிவிடும்.

கூலி போதாததால்தான் இந்தச் சத்தம் என்று முதலாளி நினைத்தார். போதாதுதான். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே கூலி கூடினால் இங்கே உடனே தெரிந்துவிடும். ஆனால் என் மேசைக்கு வந்த சண்டைகளில் பாதிக்குமேல் எடையைப் பற்றியவை. தல்லிய பருப்பில் உடைசலைக் கழித்துத்தான் எடை. எவ்வளவு கழிப்பது என்பது எடை போடுகிறவரின் கண்மதிப்பு. தராசின் எண்கள் அவருக்கு மட்டுமே தெரியும். கொட்டை எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்து, காலையிலிருந்து குந்தியிருந்து தல்லியவளுக்குத் தெரிந்தது தராசின் முதுகு.

ஓர் அக்கா ஒருநாள் நேராகவே கேட்டார்: "எனக்க பருப்பு எவ்வளவுண்ணு நான் பாக்கண்டாமா சாரே?"

அப்புறம் எண்கள் இரண்டு பக்கமும் தெரிகிற தராசு வந்தது. உடைசலையும் அவர்கள் கண்முன்னே தனியாக நிறுத்தோம். கூலி ஒரு பைசா கூடவில்லை. வெள்ளிக்கிழமைச் சத்தம் அடங்கியது. புதுக் கணக்கில் கூலி குறைந்துபோன ஒருத்தி, "எனக்கு உடைசல் கூடுதல்தான்" என்று சொல்லிவிட்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். முந்தின மாதமாக இருந்தால் அதே தொகைக்கு வாசலில் நின்று அழுதிருப்பாள்.

ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-ல் வெளியிட்ட ஆய்வில் இதே விஷயம் இருக்கிறது. இரண்டு ஆலைகளில் சிறிது காலத்துக்குச் சம்பளத்தை 15 சதவீதம் குறைத்தார்கள். ஒன்றில் காரணத்தை விவரமாக, வருத்தத்தோடு விளக்கினார்கள். மற்றதில் இரண்டு வார்த்தையில் முடித்தார்கள். இரண்டாவது ஆலையில்தான் தொழிலாளர்களின் களவு மிக அதிகமானது. வெட்டு இரண்டிலும் ஒன்றே.

போனஸிலும் இதைப் பார்த்தேன். அப்போது இருந்த 1965-ம் ஆண்டுச் சட்டப்படி சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. குறைந்த அளவே கிடைத்த வருடம், "லாபம் எவ்வளவு, எங்களுக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கணக்கைக் காட்டியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

தரம் பிரிக்கும் மேசையில் நிலைமை மாறவே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பருப்பைப் பிரிக்கும் இரண்டு பேருக்கு வேறு வேறு நாள்கூலி. காரணம் என்னவென்று முதலாளியிடம் பலமுறை கேட்டேன். நான் வேலையை விடும்வரை அவர் சொல்லவில்லை.