அம்மாவின் முழங்கையிலிருந்து தொடங்கிய அளவு

மும்பை மாட்டுங்காவில் நாங்கள் புதுப்பிக்கவிருந்த எங்கள் சமையலறை 11 அடி நீளமும் ஆறேகால் அடி அகலமும் கொண்டது. கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறையும் ஏறக்குறைய இதே அளவுதான் (3.4 மீட்டருக்கு 1.9 மீட்டர்) என்று அறிந்தபோது, இடம் போதாது என்ற என் கவலை பாதி தீர்ந்தது.

வரைபடம் போடுவதற்கு முன் ஒரு வாரம் அம்மா சமைப்பதை வாசலில் நின்று கவனித்தேன். மாவு அரைத்த அன்று, கிரைண்டரை மேடையின் ஓரத்துக்கு இழுத்து, குதிகாலை உயர்த்தி, மணிக்கட்டை வளைத்து அவர் மாவை வழித்தெடுத்ததைப் பார்க்கவே எனக்கு வேதனையாக இருந்தது. நறுக்கும் மேடை முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே இருந்தால் தோள் வலிக்காது; அம்மாவின் முழங்கை உயரம் 37 அங்குலம், பழைய மேடையோ 35. ஆகவே புதிய மேடையை 32 அங்குலமாகக் குறைத்து, கிரைண்டருக்கென ஜன்னலோரம் 20 அங்குல உயரத்தில் தனியாக ஒரு கிரானைட் பலகை பதிக்கத் தீர்மானித்தோம்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்த பழைய அலமாரி மழைக்கால ஈரத்தில் உப்பி, விளிம்பு ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. அங்கே மட்டுமாவது ஐஎஸ் 710 (ஈரத்தைத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரநிலை) முத்திரை உள்ள பிளைவுட்டே வேண்டும் என்று தச்சரிடம் உறுதியாகச் சொல்லிவிட்டேன்; விலை கூடுதல்தான், இதில் சிக்கனம் கூடாது.

நிறத்தைப் பற்றி அம்மா எதுவும் கேட்கவில்லை. அஞ்சறைப்பெட்டி அடுப்புக்கு வலப்புறம், கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அஞ்சறைப்பெட்டிக்கான இழுப்பறையைத்தான் முதலில் வரைந்தேன்.