கோர்செட்டும் கயிற்றேணியும்

லண்டனில் நாடக உடைகள் தைக்கும் பட்டறை ஒன்றில் எனக்கு அது இரண்டாவது வருடம். கிறிஸ்துமஸ் சீசனுக்குக் கடற்கொள்ளையர் நாடகம். கதை 1720-இல், கரீபியனில் ஒரு தீவில் நடக்கிறது. ஆளுநர் மகளின் உள்ளுடுப்பு என் மேசைக்கு வந்தது. குறிப்புத் தாளில் 'கோர்செட்' (மார்பிலிருந்து இடுப்பு வரை கயிறு கோத்து இறுக்கும் கச்சு) என்றிருந்ததை அடித்துவிட்டு, எங்கள் தலைமை கட்டர் பென்சிலால் 'ஸ்டேஸ்' என்று எழுதியிருந்தார்.

பெயரில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். வெட்ட உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அது வேறு உடுப்பு. படங்களில் பார்க்கிற உடுக்கை வடிவ கோர்செட் 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஸ்டேஸ் புனல் மாதிரி. இடுப்பை ஒடுக்குவதைவிட, முதுகை நிமிர்த்தி மார்பைத் தாங்குவதுதான் அதன் பிரதான வேலை. தோள்பட்டை நாடா உண்டு. உள்ளே லினன் சட்டை போட்டு, அதன் மேல்தான் அணிவார்கள். வியர்வையைச் சட்டை வாங்கிக்கொள்ளும், அது துவைக்கப் போகும். வெறும் உடம்பில் ஸ்டேஸ் போட்டபடி கதாநாயகி கண்ணாடி முன் நிற்கும் காட்சியைப் பார்த்தாலே எனக்கு இப்போது சிரங்கு நினைப்பு வந்துவிடுகிறது.

சீமாட்டிகள் மட்டுமல்ல, மீன் விற்றவளும் துணி வெளுத்தவளும் ஸ்டேஸ் போட்டுத்தான் வேலை செய்தார்கள். மூச்சு முட்டினால் கூடையை யார் தூக்குவது?

இரண்டு அடுக்கு லினனில் வரிவரியாகக் குழல்கள் தைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பட்டையைச் சொருக வேண்டும். என்னுடையதில் 84 குழல்கள். அந்தக் காலத்தில் சொருகியதைத் 'திமிங்கில எலும்பு' என்பார்கள். எலும்பே இல்லை அது. திமிங்கிலத்தின் வாயில் சல்லடைபோலத் தொங்கும் தகடு. நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான். உடம்புச் சூட்டில் இளகி, போட்டிருப்பவரின் உடலுக்கேற்ப வளைந்துகொள்ளும். இப்போது அதற்குப் பதில் ஜெர்மன் பிளாஸ்டிக். வாசம் இல்லை, வேலை அதே.

கயிறு கோக்கும் கண்களுக்கு உலோக வளையம் அடிக்கக் கூடாது. அதெல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. குத்தூசியால் இழைகளை விலக்கித் துளையாக்கி, சுற்றிலும் நூலால் இறுக்க வேண்டும். திருநெல்வேலியில் அப்பாவின் கடையில் பத்து வயதில் கை காஜா எடுத்த பையனுக்கு இது பால் குடிப்பது மாதிரி. அப்பா லேடீஸ் டெய்லர். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் ஸ்டேஸ் தைத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். அமெரிக்க விடுதலைக்குக் குரல் கொடுத்துக் குறுநூல் எழுதிய தாமஸ் பெயின்கூட முதலில் அந்தத் தொழில்காரர். இதைச் சொன்னதும் அப்பாவுக்கு ஒரு வாரம் பெருமை தாங்கவில்லை.

இருபக்கக் கண்களும் நேருக்கு நேர் இருக்காது, ஏறுமாறாக இருக்கும். ஒரே கயிறு, நோட்டுப் புத்தகத்தின் ஸ்பைரல் கம்பிபோலச் சுற்றிச் சுற்றி ஏறும். படங்களில் மயங்கிய நாயகியைக் காப்பாற்ற நாயகன் ஸ்டேஸைக் கத்தியால் கிழிக்கிறானே, அவ்வளவு லினனையும் பட்டைகளையும் கிழிப்பதற்குள் அவள் எழுந்து தண்ணீர் கேட்டிருப்பாள். கயிற்றை ஒரு சுற்றில் அறுத்தால் போதும், மற்றது தானாக நெகிழும்.

எங்கள் நாடகத்திலும் மயக்கக் காட்சி இருந்தது. பணிப்பெண் முதுகில் கால் வைத்து இழுக்க, ஆளுநர் மகள் சாய்வாள். நூல் காஜா அப்படி இழுத்தால் பிய்ந்துவிடும் என்றேன். இயக்குநர், "மெதுவாக இழுக்கச் சொல்கிறேன்" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. இறுக்கிக் கட்டுவதைக் கேலி செய்யும் சித்திரங்கள் 1770-களிலேயே உண்டு.

கொள்ளைக்காரிகள் உடையில்தான் எனக்கு நிஜமான வருத்தம். வெள்ளைச் சட்டைக்கு மேல் கறுப்புத் தோல் கோர்செட் என்று முடிவாகி, போஸ்டரும் அடித்தாகிவிட்டது. 1720 நவம்பரில் ஜமைக்காவில் ஆன் போனி, மேரி ரீட் என்ற நிஜக் கொள்ளைக்காரிகள் இருவர் மீதும் நடந்த வழக்கில் டாரதி தாமஸ் என்ற பெண் சாட்சி சொன்னாள். அவளுடைய தோணியை அந்தக் கும்பல் கொள்ளையடித்திருந்தது. அந்த இருவரும் ஆண்களின் மேற்சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டு, தலையில் கைக்குட்டை கட்டி, கத்தியும் துப்பாக்கியுமாக நின்றார்களாம். மார்பின் பருமனை வைத்துத்தான் பெண்கள் என்று தெரிந்துகொண்டேன் என்றாள். தாங்கிப் பிடிக்கும் உடுப்பு பற்றி அந்தச் சாட்சியத்தில் ஒரு வார்த்தை இல்லை.

இவ்வளவு தெரிந்த நான்தான் சறுக்கினேன். என் ஸ்டேஸைப் போட்டு ஒத்திகைக்குப் போன நடிகை, ஆளுநர் மகளாக நடிப்பவர், மறுநாள் இடுப்பின் இருபுறமும் சிவந்த கோடுகளோடு வந்தார். கயிற்றேணியில் ஏறும்போது குத்துகிறதாம். மூச்சுக்கு ஒன்றுமில்லை, பாட்டும் வருகிறது, கால் தூக்கினால்தான் வலி. இறுக்கம்தான் காரணம் என்று கயிற்றைத் தளர்த்தினேன். உடுப்பு கீழே இறங்கி இன்னும் மோசமாகக் குத்தியது.

அன்றிரவு அப்பாவுக்குப் போன் செய்து படம் காட்டினேன். அடியில் இதழ் இதழாகப் பிரியும் பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஏலேய், இந்த வெட்டு எதுவரைக்கும் போகுது?"

"இடுப்புக்கு அரை இஞ்ச் கீழ நிக்குப்பா."

"பெறகு குத்தாம என்ன செய்யும்? சுடிதார் டாப்ஸுல ஸ்லிட்ட எறக்கி வச்சா நடக்கையில பிடிக்கும்லா? அதே கததான்."

மறுநாள் ஓரப்பட்டியைப் பிரித்து, வெட்டுகளை இடுப்பு மடியும் கோடு வரை ஏற்றி, மறுபடி பட்டி தைத்தேன். இரண்டு நாள் போனது. தலைமை கட்டர் ஒன்றும் சொல்லவில்லை. என் பேப்பர் பேட்டர்னில் அந்த அரை அங்குலத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

முதல் காட்சியன்று பக்கத்திரை ஓரமாக நின்றிருந்தேன். ஆளுநர் மகள் மயங்கினார், அரங்கமே 'ஐயோ' என்றது. இருட்டில் வெளியே தூக்கி வந்து இறக்கியதும், நாற்று நடுகிறவர்கள் மாதிரி முதுகு வளையாமல் குனிந்து, ஷூ நாடாவை முடிந்துகொண்டு, ஏணியை நோக்கி ஓடினார்.