கிரானைட் மேடையில் ஃபார்ம்ஹவுஸ் ஸ்டீல் சிங்க்: தேர்வு முதல் தண்ணீர் சோதனை வரை

சாதாரண சிங்குக்கு முன்னால் மூன்று, நான்கு அங்குல அகலத்தில் ஒரு கல் பட்டை இருக்கும். ஃபார்ம்ஹவுஸ் சிங்கில் அது கிடையாது. மேடையின் முன்விளிம்பு இருந்த இடத்தில் சிங்கின் முகத்தகடே நிற்கும். பாத்திரம் தேய்ப்பவர் அந்த மூன்று, நான்கு அங்குலம் தொட்டியை நெருங்கி நிற்கலாம். முதுகு வளைவது குறையும். அழகுக்காக வாங்குபவர்கள்தான் அதிகம், ஆனால் இதன் உண்மையான பலன் இதுதான். கல் போட்ட பிறகு இதை வாங்கிப் பயனில்லை. சிங்க் வீட்டுக்கு வந்து, டேப் வைத்து அளந்த பிறகே கல் வெட்ட வேண்டும். படத்தில் போட்ட அளவுக்கும் கையில் வந்த பெட்டிக்கும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருப்பது சகஜம்.

இந்த வேலை நடக்கும் மேடை 600 மி.மீ. ஆழம், தரையிலிருந்து 33 அங்குல உயரம். அடியில் கான்கிரீட் பலகை, மேலே 18 மி.மீ. கறுப்பு கிரானைட். எடுத்த சிங்க் வெளி அளவில் 760 × 530 மி.மீ., உள்தொட்டி 710 × 430, ஆழம் 230, முகத்தகடு 250 மி.மீ. ஒற்றைத் தொட்டிதான். இட்லிப் பானை, பத்து லிட்டர் குக்கர், கிரைண்டர் டிரம் புழங்கும் வீட்டுக்கு இரட்டைத் தொட்டி சரிவராது; எந்தப் பாதியிலும் பெரிய பாத்திரம் படுக்காது.

ஆழத்தில் ஆசைப்பட வேண்டாம். 33 அங்குல மேடையில் 9 அங்குலத் தொட்டி என்றால் அடித்தகடு தரையிலிருந்து 24 அங்குலத்தில் இருக்கும். ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ளவர் கையைத் தொங்கவிட்டு நின்றால் விரல் முட்டி ஏறத்தாழ 27 அங்குலத்தில் நிற்கும். மீதி மூன்று அங்குலத்துக்கு அவர் குனிய வேண்டும். 10 அங்குலத் தொட்டி வேண்டுமென்றால் சிங்க் பகுதி மேடையை 34, 35 அங்குலத்துக்கு உயர்த்துவதே நல்லது.

தகட்டில் 304 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம்தான் வேண்டும். அதில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். விலை குறைந்த 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். உப்பு நீரில் அது சீக்கிரம் துருப்புள்ளி விடும். காந்தம் வைத்துப் பார்க்கும் வழக்கம் இங்கே உதவாது, இரண்டு ரகத்திலும் பொதுவாகக் காந்தம் பிடிக்காது. ஆனால் மடித்த மூலைகளில் 304 கூட காந்தத்தை லேசாக இழுக்கும். ஸ்டீல் ஸ்கிராப் வியாபாரிகள் வைத்திருக்கும் சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொடவைத்தால், மாங்கனீசு மிகுந்த தகட்டில் அந்த இடம் சிவக்கும். சோதனையை அடிப்பக்கத்தில் செய்யவும், கறை நிற்கும்.

தகட்டின் கனத்துக்கு (தடிமனுக்கு) ஸ்டிக்கரை நம்பாமல் தராசை நம்பலாம். ஒரு சதுர மீட்டர், 1 மி.மீ. ஸ்டீல் தகடு சுமார் 8 கிலோ. மேலே சொன்ன சிங்கில் முகத்தகடு, விளிம்பு எல்லாம் சேர்த்து 1.1 சதுர மீட்டர் தகடு வரும். 1.2 மி.மீ. என்றால் பத்தரைக் கிலோவுக்குக் குறையக் கூடாது, ரப்பர் பட்டைகள் தனி. ஏழு கிலோ காட்டினால் அது 0.8 மி.மீ. தகடுதான். அகலமான முகத்தகடு அந்தக் கனத்தில் இடுப்பு பட்டாலே அமுங்கும். மடித்து வெல்டிங் வைத்த சிங்கில் எல்லா இடமும் ஒரே கனம். அச்சில் அழுத்தி எடுத்ததில் மூலைகள் மெலிந்திருக்கும். உள்மூலை கத்திபோல் செங்குத்தாக இருப்பதை விட்டுவிட்டு 10 முதல் 15 மி.மீ. வளைவுள்ளதை எடுக்கலாம், சோற்றுப் பருக்கை அடையாது. கடையிலேயே தொட்டியை மட்டமாக வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கினால் அடிச்சரிவு போதாது.

இனி கடினமான இடம். முன்விளிம்பை வெட்டும்போது கான்கிரீட் பலகையின் கம்பியும் அறுபடும். அதுவரை ஒரே துண்டாக நின்ற பலகைக்கு அந்த இடத்தில் பிடிப்பு இல்லாமல் போகும். ஆகவே வெட்டுவதற்கு முன்பே சிங்கின் இருபுறமும் நாலரை அங்குலச் செங்கல் சுவர் எழும்பி, பலகையின் அடியை இறுக்கமாகத் தொட்டிருக்க வேண்டும். தொட்டி நிரம்பினால் 70 லிட்டர், அதாவது 70 கிலோ. சிங்க், பாத்திரம் சேர்ந்து 100 கிலோ என்று கணக்கு வைத்தோம். அந்த எடையைக் கல்லிலோ இடைவெளி அடைக்கும் சிலிகான் பசையிலோ தொங்கவிடக் கூடாது. 304 ரகத்தில் 25 × 25 மி.மீ. சதுரக் குழாயில் சட்டம் செய்து, இரு சுவரிலும் போல்ட் அடித்து, அதன்மேல் சிங்கை உட்கார வைத்தாயிற்று. இரும்பு ஆங்கிள் மலிவு, ஆனால் ஈரத்தில் பெயின்ட் விட்டதும் துரு ஒழுகும்.

முகத்தகடு கல் விளிம்பைத் தாண்டி 20 மி.மீ. முன்னால் நிற்கிறது. சொட்டும் தண்ணீர் கீழே கதவில் வழியாமல் இருக்க இது அவசியம். அப்படியும் கதவு ஈரம் தாங்கும் பொருளாக இருக்கட்டும், பிளைவுட் ஊதிவிடும். பின்னால் கல்லுக்கு மிஞ்சுவது 90 மி.மீ. பட்டைதான். முழுக் கல்லில் ‘ப’ வடிவில் வெட்டித் தூக்கினால் அது முறியவே வாய்ப்பு அதிகம். தனித் துண்டாகப் போட்டு, மூலையில் எபாக்ஸி பசை கொண்டு இணைப்பதே பாதுகாப்பு.

குழாயையும் இப்போதே யோசிக்க வேண்டும். உள்தொட்டி சுவரிலிருந்து 140 மி.மீ. தள்ளித்தான் தொடங்குகிறது. 225 மி.மீ. நீளச் சுவர்க்குழாயில் தண்ணீர் பின்சுவரை ஒட்டி 85 மி.மீ.யில் விழும், கை நீட்டித் தேய்க்க வேண்டியிருக்கும். 300 மி.மீ. மூக்குள்ள குழாய் சரியாக வந்தது.

சிலிகான் வைப்பதற்கு முன்பு, சிங்க் விளிம்பில் உள்ள பாதுகாப்பு பிளாஸ்டிக்கை மட்டும் உரித்துவிட வேண்டும். இல்லையென்றால் சிலிகான் பிளாஸ்டிக்கைத்தான் பிடிக்கும். புளித்த வாடை அடிக்கும் ரகம் வேண்டாம், நியூட்ரல் ரகம் வாங்குங்கள். முதலில் தொட்டியைத் தண்ணீரால் நிரப்பி, சட்டம் அமுங்குவது அமுங்கட்டும் என்று விட்டு, அந்தச் சுமையோடே கல்லுக்கும் சிங்குக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சிலிகானால் அடைக்க வேண்டும். காலித் தொட்டியில் அடைத்தால் முதல் முறை நிரம்பும்போதே பின்பக்கம் சிலிகான் பிரிந்து கோடு விடும். ஒரு நாள் காய்ந்த பிறகு அடைப்பானைச் சட்டென்று இழுத்து, முழுத் தண்ணீரும் பாயும்போது இணைப்புகளைக் காய்ந்த காகிதத்தால் தொட்டுப் பார்க்க வேண்டும். கழிவுக் குழாயில் நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேக்கி நிறுத்தும் பகுதிதான் டிராப். குடுவை வடிவ டிராப்பில் சோறும் எண்ணெயும் அடைக்கும்; அதனால் 40 மி.மீ. குழாயில் வளைவு டிராப் வைத்து, குழாய்க்கு மீட்டருக்கு 25 மி.மீ. சரிவு கொடுக்க வேண்டும்.

டைல்ஸ் துடைக்கக் கொத்தனார் ஆசிட் ஊற்றும் நாள்தான் புது ஸ்டீலுக்குப் பெரிய ஆபத்து. அந்தப் புகை பட்டாலே பழுப்புக் கறை வரும். ஆசிட் வேலை முழுக்க முடிந்து தரையை நன்றாக அலசிய பிறகே சிங்க் சமையலறைக்குள் வர வேண்டும். இங்கே அந்த வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. சிலிகான் காய்ந்து, தண்ணீர் சோதனையும் தேறிவிட்டது. முகத்தகட்டின் பிளாஸ்டிக் இன்னும் உரிக்கவில்லை. கதவு மாட்டும் தச்சர் வேலை முடிந்ததும் அதை உரிக்க வேண்டும், வெயில் படும் ஜன்னலோரம் என்பதால் அதற்குமேல் விட்டுவைத்தால் பசை இறுகிவிடும்.