தணிவாக வாசிக்கக் கற்ற மூன்று மாதங்கள்

கண்டியில் நடக்கவிருந்த பியானோ செய்முறைத் தேர்வுக்காக, ஹட்டனில் ஒரு தேவாலயத்தின் பழைய பியானோவில் மூன்று மாதங்கள் பயிற்சி செய்தேன். பேத்தோவன் 1801இல் இயற்றிய சொனாட்டா ஒன்றின் முதற்பகுதியை எடுத்திருந்தேன். அதன் தொடக்கத்திலேயே 'செம்ப்ரே பியானிஸ்ஸிமோ' என்ற குறிப்பு இருக்கிறது. எப்போதும் மிகத் தணிந்த ஒலியில் என்பது அதன் பொருள்.

நான் அந்தக் குறிக்கு மேலே பென்சிலால் 'மெதுவாக' என்று எழுதி வைத்திருந்தேன். நம் மொழியில் அந்தச் சொல் வேகத்தையும் குறிக்கும், சத்தத்தையும் குறிக்கும் என்பதால், ஒலியைக் குறைக்கும்போதெல்லாம் என் வேகமும் குறைந்தது. சீரான வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை ஓடவிட்ட பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. டீச்சர் அதை அழித்துவிட்டு 'தணிவாக' என்று எழுதினார். இத்தாலிய மொழியில் 'பியானோ' என்றால் தணிந்த ஒலி. 1700ஆம் ஆண்டளவில் புளோரன்ஸில் கிறிஸ்டோபோரி செய்த கருவி விரலின் அழுத்தத்துக்கேற்பத் தணிந்தும் உரத்தும் ஒலித்ததனால்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது.

அடுத்த சிக்கல் இன்னும் கடினமானது. பயந்து பயந்து தொட்டால் சில ஸ்வரங்கள் ஒலிக்கவே இல்லை. பியானோவின் சுத்தியல் தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்னரே, நாம் விரலால் அழுத்தும் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டு, தன் வேகத்தினாலேயே போய் அடிக்கிறது. ஆகவே கட்டை எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அதுவே சத்தத்தைத் தீர்மானிக்கிறது. தணிவாக வாசிப்பதற்குக் கட்டையை அரைகுறையாகத் தொடக்கூடாது, நிதானமாக அடிவரை இறக்க வேண்டும். மழையும் பனிமூட்டமும் சேர்ந்த நாட்களில் மரமும் கம்பளியும் ஈரத்தை இழுத்து, கட்டைகள் இறுகிவிடும். அன்றைக்கு ஒரே ஸ்வரத்தை இருபது தடவை அழுத்தி, ஒலிக்கும் எல்லையைத் தேடுவேன்.

இடது பெடலை மிதித்துச் சமாளிக்கவும் பார்த்தேன். நிமிர்ந்த பியானோவில் அது சுத்தியல்களைத் தந்திக்கு அருகே கொண்டுவருகிறது. தந்திகள் கிடையாக இருக்கும் கிராண்ட் பியானோவிலோ முழுப் பொறியையும் பக்கவாட்டில் நகர்த்தி, ஒரு ஸ்வரத்துக்குரிய தந்திகளில் சிலவற்றை மட்டும் அடிக்கச் செய்வதால் ஒலியின் நிறமே மாறிவிடும். கண்டியில் இருந்தது கிராண்ட் என்பதால், டீச்சர் கடைசி மாதம் வரை அந்தப் பெடலைத் தொடவிடவில்லை.

அதைவிட அதிக நாள் எடுத்தது, ஒரே வலது கையில் சிறுவிரலின் மெட்டு மற்ற விரல்களின் மூன்று மூன்றான ஸ்வரங்களுக்கு மேலே சற்றே எழும்பிக் கேட்கச் செய்வதுதான். பியானிஸ்ஸிமோ என்பதற்காக எல்லா ஸ்வரமும் ஒரே அளவில் தணிந்தால் மெட்டு காணாமல் போய்விடும்.

தணிந்த இடங்களில் வேகம் தளரவில்லை என்று மதிப்பீட்டுத் தாளில் எழுதியிருந்தார்கள். மெட்டு இரண்டு இடங்களில் அமிழ்ந்துவிட்டது என்றும் எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு இடங்களையும் இன்னும் பெடல் இல்லாமல் வாசித்து வருகிறேன்.