கடைசல் பென்டன்ட்ல பிசிறில்லாம துளை போட: நாலு மாசம் செஞ்சு பார்த்தது

மரத்தைச் சுத்தவிட்டு உளியால கடையற சின்ன லேத் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகுது. பம்பரம், சின்ன கிண்ணம், பூரிக்கட்டை எல்லாம் கடைஞ்சாச்சு, ஆனா இந்த நாலு மாசமா மண்டையில ஓடிட்டே இருந்தது ஒரு 3 மிமீ துளைதான். 40 மிமீ அகலத்துல வட்டமா ஒரு பென்டன்ட், முன்பக்கம் லேசா மேடு, பின்பக்கம் தட்டை. கடையறது அரை மணி நேர வேலை. பாலிஷ் போட்டு கையில வச்சா கூழாங்கல்லு மாதிரி வழவழன்னு இருக்கும். அப்புறம் கயிறு கோக்க மேல ஒரு துளை போட்டு பின்னாடி திருப்பிப் பார்த்தா வயிறெரியும்.

முதல் ரெண்டும் தேக்கு. வீட்ல சுவத்துக்கு, இரும்புக்கு எல்லாம் வச்சிருக்கற டிரில்லுல, இரும்புல துளை போடற சாதா பிட்டை மாட்டி போட்டேன். அந்த பிட் மரத்தை வெட்டாது, நாரை நெம்பித் தள்ளும். மேல் பக்கம் துளை ஓரத்துல பஞ்சு மாதிரி பிசிறு நின்னுச்சு, கீழ வெளிய வர்ற இடத்துல ஒரு பக்க நாரு அப்படியே பேந்து அரிசி நீளத்துக்கு பள்ளம். உப்புத்தாள் போட்டு தேய்ச்சு அந்த பள்ளத்தை எடுக்கணும்னா பென்டன்ட்டே பாதியாயிடும்.

அடுத்து 3 மிமீல, நடுவுல முள்ளு வச்ச, மரத்துக்குன்னே வர்ற பிட் வாங்கினேன். இதுல ஓரத்துல ரெண்டு பல்லு இருக்கு, அது முதல்ல வட்டமா கீறி நாரை அறுத்துடும், அப்புறம்தான் நடுவுல இருக்கற மரம் வெளிய வரும். மேல் பக்கம் அன்னைக்கே சுத்தமாயிடுச்சு. கீழ் பக்கத்துக்கு அடியில ஒரு பலகை வச்சு போடணும்னு எல்லாருக்கும் தெரியும், நானும் வச்சேன், அப்பவும் பேந்துச்சு. ஏன்னு புரியவே மூணு பென்டன்ட் போச்சு. அப்ப நான் பின்பக்கத்தையும் லேசா மேடாத்தான் கடைஞ்சுட்டிருந்தேன், அதனால பலகை நடுவுல மட்டும்தான் ஒட்டி நிக்குது, துளை வர்ற ஓரத்துல ஒரு மிமீ இடைவெளி இருக்கு, அந்த இடைவெளிக்குள்ளதான் நாரு உடைஞ்சு விழுது. பிட் வெளிய வர்ற அந்த இடத்தையே பலகை தொட்டுட்டு இருக்கணும், வேற எங்க தொட்டாலும் பிரயோஜனம் இல்ல.

இதுக்கு நடுவுல தங்கச்சிக்கு ஒண்ணு குடுத்தேன், வேப்பமரம், ரொம்ப ஆசையா செஞ்சது. ஒரே வாரத்துல துளைக்கு மேல இருந்த துண்டு பிளந்து கழண்டு வந்துடுச்சு. எடுத்துப் பார்த்தா மரத்தோட ரேகை மேலயிருந்து கீழ ஓடுது, துளையோட ரெண்டு பக்கமும் ரேகை வழியாவே பிளந்திருக்கு. ரேகை குறுக்க ஓடற மாதிரி திருப்பி துளை வச்சிருந்தா துளைக்கு மேல நாரு பாலம் மாதிரி நின்னு தாங்கியிருக்கும். இப்பல்லாம் ரேகை பார்க்காம துளைக்கு புள்ளி வைக்கறதே இல்ல, துளையோட மையம் ஓரத்துலயிருந்து 6 மிமீ உள்ள. 1 மிமீ மெழுகுக் கயிறை மடிச்சு கண்ணி போட்டு கோக்கறதால 3 மிமீ துளை தாராளமா போதும்.

போன மாசம் ஒரு கல்யாணத்துக்கு அம்பாசமுத்திரம் போனப்ப, சொப்புச் சாமான் கடையற பட்டறை ஒண்ணுல போய் நின்னேன். மஞ்சக்கடம்புல கடைஞ்சுட்டிருந்த ஆசாரிகிட்ட என் பென்டன்டை நீட்டினேன். திருப்பிப் பார்த்துட்டு கேட்டாரு, "கடஞ்ச பொறவா துளை போடுதீய?" ஆமா அண்ணாச்சின்னேன். "அப்ப பிசிறத்தான் செய்யும் தம்பி. முதல்ல துளையப் போடுங்க, மிச்சத்த உளி பாத்துக்கிடும்."

ஊருக்கு வந்த அன்னைக்கு ராத்திரியே செஞ்சு பார்த்தேன். 10 மிமீ கனத்துல வட்டமா ஒரு துண்டு, ஒரு பக்கம் நல்லா தட்டையா தேய்ச்சு, அந்தப் பக்கத்தை டபுள் சைடு டேப்ல ஒரு பிளைவுட் வட்டத்து மேல ஒட்டினேன். லேத்ல அதை மாட்டி கடையறதுக்கு முன்னாடியே ஸ்டாண்டு டிரில்லுக்கு அடியில வச்சு மரம் தாண்டி பிளைவுட்டுக்குள்ள 2 மிமீ இறங்கற வரைக்கும் துளை. ஒரே மூச்சுல அழுத்தாம, கொஞ்சம் இறக்கி வெளிய எடுத்து தூளைத் தட்டி மறுபடி இறக்கணும். ஈட்டி மரத்துல இப்படி எடுக்கலன்னா தூளு பிட்ல அடைச்சு சூடாகி துளைக்குள்ள கருகிடும். பின்பக்கம் முழுசா பிளைவுட்டோட ஒட்டியிருக்கறதால நாரு போறதுக்கு இடமே இல்ல. முன்பக்கம் பிசிறு வந்தாலும் கவலை இல்ல, 10 மிமீல மேல இருக்கற 2 மிமீ எப்படியும் உளியில போகப்போற மரம்.

ஆனா கடையறப்ப புது பிரச்சனை. சுத்தறப்ப உளி வெறும் துளையைத் தாண்டி ஒவ்வொரு தடவையும் அடுத்த ஓரத்துல போய் முட்டுது, அங்க சின்னதா சில்லு தெறிக்குது. துளையை அடைச்சுட்டு கடைஞ்சா என்னன்னு தோணுச்சு. முதல்ல மூங்கில் குச்சி சொருகினேன், ஈட்டியில பிரமாதம், வேம்புல மட்டும் மூங்கில் கெட்டியா இருக்கறதால தேய்க்கறப்ப சுத்தியிருக்கற மரம் தேஞ்சு குச்சி முட்டிக்கிட்டு நிக்குது. அப்புறம் காஞ்ச வேப்பங்குச்சியையே சீவி, பசை எதுவும் இல்லாம இறுக்கமா தட்டிவிட்டு கடைஞ்சேன். 8 மிமீ கனம் வந்ததும் உப்புத்தாள் 180, 240, 400 நம்பர் வரைக்கும் லேத்லயே. டேப்பைப் பிடுங்காம ஓரத்துல ரெண்டு சொட்டு தின்னர் விட்டு மெதுவா திருகினா கழண்டுடும். பின்னாடியிருந்து ஒரு ஆணியால குச்சியைத் தள்ளினேன். வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தேன், ரெண்டு பக்கமும் காம்பஸ்ல வரைஞ்ச மாதிரி வட்டம். அந்த ராத்திரி அதை கையிலேயே வச்சுட்டிருந்தேன்.

துளை ஓரம் கூரா இருந்தா கயிறை அறுக்கும்னு, துளை வாயை சரிவா சீவற கவுன்டர்சிங்க் பிட்டை விரல்லயே பிடிச்சு ரெண்டு திருகு திருகறேன், மெஷின்ல மாட்டறதில்ல. உள்பக்கத்துக்கு 320 நம்பர் உப்புத்தாளை ஈர்க்குச்சில சுத்தி நாலு இழுப்பு. ஈட்டித் தூசு சிலருக்கு தோல்ல அரிக்கும், மாஸ்க் கண்டிப்பா போட்டுக்குங்க.

இந்த முறையில இதுவரைக்கும் 9 செஞ்சிருக்கேன், ஒண்ணுகூட பேரல. தங்கச்சிக்கு வேம்புலயே புதுசா ஒண்ணு போயாச்சு. அடுத்து ரெண்டு பக்கமும் மேடா வர்றதை மறுபடி எடுக்கப் போறேன், முன்பக்க மேடு உக்கார்ற மாதிரி பிளைவுட்ல பள்ளம் கடைஞ்சு, குச்சியை எடுக்காமலே திருப்பி மாட்டிப் பார்க்கணும்.