ரூபாய்த் தராசு: மூன்றாவது வாரம்

பித்தளைப் பட்டையை அறுத்து, கெடுத்து, மறுபடி அறுத்து, ஒருவழியாகத் தராசு ஆடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கடைக்காரர்கள் கள்ளக்காசைப் பிடிக்க வைத்திருந்த சவரன் தராசுதான் மாதிரி. (நகைக்கடையில் இன்றும் சொல்கிறோமே, அந்தச் சவரன் இந்தப் பொற்காசின் பெயர்தான். காசு 7.99 கிராம், கடையில் 8 கிராம்.) ஒரு முனையில் காசு உட்காரக் குழி, அதன் நடுவே ஒரு பிளவு, மறுமுனையில் நிலையான எடை. நல்ல காசு தட்டைச் சாய்க்கும், பிளவிலும் நுழையும். முலாம் பூசிய பித்தளைக் காசு எடைக்குச் சரியாக வந்தால் பருத்துவிடும், பிளவில் சிக்கும்.

நான் செய்தது வெள்ளி ரூபாய்க்கு. ஆச்சியின் சுருக்குப்பையில் கிடந்த 1912ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்தான் அளவு. முழு எடை ஒரு தோலா, 11.66 கிராம், ஆயிரத்தில் 917 பங்கு வெள்ளி. ஆச்சியினுடையது தேய்ந்து 11.58 நின்றது. இரண்டு சதவீதம் வரை தேய்மானம் அன்று செல்லும் என்பதால் 11.43க்குச் சரிசெய்தேன்.

முதல் இரண்டு வாரத்தையும் பட்டை ஆடும் அச்சு தின்றுவிட்டது. ஆணியை அச்சாக வைத்தபோது 11 கிராமுக்கும் 11.6க்கும் பேதமே தெரியவில்லை. சவர பிளேடுத் துண்டை விளிம்பு மேலாக நிறுத்தி அதன்மேல் பட்டையை ஏற்றிய பிறகுதான் பத்தில் ஒரு கிராம் குறைந்தாலும் காட்டிக்கொடுத்தது. விரலில் இரண்டு வெட்டு.

அப்புறம்தான் உறைத்தது. சவரன் பொன்னின் அடர்த்தி 17க்கு மேல் (தண்ணீர் 1), ஈயமே எட்டாது. வெள்ளி ரூபாய்க்கோ சுமார் 10.3தான், ஈயம் 11.3, கள்ளக்காசு அதே பருமனிலேயே எடைக்கு வந்துவிடும். ஈயத் தூண்டில் குண்டுகளோடு வெள்ளீயத்தை ஐந்துக்கு ஒன்றாக உருக்கி (கொல்லையில், பழைய டப்பாவில், அடுக்களைப் பக்கம் போகவே இல்லை), படமில்லாத வெறும் வில்லை ஒன்று வார்த்து, ரூபாயின் பருமனுக்கு அரத்தால் ராவினேன். 11.6 கிராம். தராசு தலையாட்டியது, பிளவில் வழுக்கிக்கொண்டு போனது. மூன்று வார உழைப்பு ஈயத்திடம் தோற்றது.

ஆச்சியிடம் இரண்டையும் கொடுத்தேன். ஈயத்தை அம்மியில் போடாதே என்று திட்டிவிட்டு, வாசற்படிக் கல்லில் சுண்டினாள். ரூபாய் கணீரென்று எழும்பி, சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. வில்லை சொத்தென்று விழுந்து அங்கேயே கிடந்தது.

"இது செல்லாக்காசு, ஐயா."

சங்கப் புலவர் சிலரின் பெயரில் வரும் 'வண்ணக்கன்' என்பது நாணயம் சோதிப்பவனைக் குறிக்கும் சொல். அவர்களிடம் சவரன் தராசு இருந்திருக்காது.

அடுத்த வாரம் தராசின் பலகையிலேயே ஒரு கருங்கல் துண்டு பதிக்க வேண்டும். வாசற்படியைப் பெயர்க்க ஆச்சி சம்மதிக்கவில்லை.