முட்டி மாற்றியாச்சு, வீடும் மாறியாச்சு

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து சேலம் அம்மாபேட்டை வீட்டுக்கு வந்துவிட்டேன். விசாரித்த எல்லோருக்கும் நன்றி. நன்றாக இருக்கிறேன். வீடுதான் வேற்றூர் மாதிரி இருக்கிறது.

மிதியடிகளையெல்லாம் மருமகள் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டாள். வாக்கரின் கால் அதில் தட்டினால் அவ்வளவுதான். அடிக்கடி எடுக்கும் டப்பாக்கள் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டன. சம்மணம் போட்டுக் கீரை ஆய்வது இனி கிடையாது, நாற்காலிதான்.

வலிக்கிறதே என்று முட்டிக்கு அடியில் தலையணை வைக்கத்தான் கை போகிறது. கூடாது. மடக்கியே வைத்துப் பழகினால் கால் முழுசாக நீளாமல் போய்விடுமாம். குதிகாலுக்கு அடியில் வைக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க, படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். அப்புறம் படிக்கட்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். நான் எழுந்தாலே பேத்தி இதை ராகம் போட்டுப் பாடுகிறாள்.

பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "எங்க நாத்தனாருக்கும் இதே ஆபரேஷன்தான், இன்னும் நொண்டுறா" கதையெல்லாம் வேண்டாம். தட்டுவடை செட் வாங்கி வாருங்கள், பீட்ரூட் துருவல் தாராளமாக, காரச் சட்னி கொஞ்சம் தூக்கலாக. (மருமகள் இதைப் படிக்க மாட்டாள் என்று நம்புகிறேன்.)

ஆடித் திருவிழாவுக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போகலாமா என்று பிசியோதெரபி தம்பியிடம் கேட்டேன். "முதல்ல தெருமுனை வரைக்கும் போங்கம்மா" என்கிறார்.